ஃப்ரிட்ஜ்காரர் குஞ்சு பொரித்த கதை

இனி உலகத்தில் கோழிக்கு வேலை இல்லை என்று ஃப்ரிட்ஜ்காரர் அறிவித்தபோது, அவர் மனைவி தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு?"

"கோழியே இல்லாம குஞ்சு பொரிக்கப் போறேன்!"

"நீங்களா உட்காரப் போறீங்க?"

"பெட்டிடி! பெட்டி பொரிக்கும்!"

தெருவில் எந்த வீட்டு ஃப்ரிட்ஜ் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கேஸ் போச்சு" என்பார். போயிருக்கும். அந்தக் கைக்கு அப்படி ஒரு பேர். மற்றபடி அவர் கை வைத்த எதுவும் வீட்டில் உருப்பட்டதில்லை. தானாகத் தொட்டில் ஆட்டும் மோட்டார் ஒன்று செய்தார். முதல் ஆட்டத்திலேயே தலையணை ஜன்னல் வழியாகப் போய்த் தெருவில் விழுந்தது. பாப்பாவுக்குப் பதில் தலையணையைப் படுக்கவைத்துப் பார்த்தது மனைவியின் யோசனை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் ஒரே ஒரு தடவை."

இந்த ஒரே ஒரு தடவைகளுக்கெல்லாம் இடம் கொடுத்தது பின்னறை. செத்துப்போன ஃப்ரிட்ஜ்கள், எண்ணெய் வழியும் கம்ப்ரஸர்கள், வளைந்த செம்புக் குழாய்கள், தரையெல்லாம் ஸ்க்ரூ. அவர்கள் மூன்று பேரும் முன்னறையில் கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே ஒருக்களித்து நடந்தார்கள். பாப்பா தவழ ஆரம்பித்திருந்தது. தவழ்ந்து எங்கே போகும்? பின்னறைக்குத்தான். போன வாரம் அதன் வாய்க்குள் விரலை விட்டு மனைவி ஒரு ஸ்க்ரூவை எடுத்தாள். 

"அந்த அறையை ஒழிச்சுக் குடுங்க. மெஷினையும் தொட்டிலையும் அங்கே போட்டுக்கறேன்."

"நாளைக்கு."

எத்தனையோ நாளைக்கு வந்து போயிற்று. இப்போது பெட்டி வந்திருந்தது.

"சரி, பந்தயம்!" என்றார் அவர் உற்சாகமாக. "குஞ்சு பொரிச்சா பின்னறை காலத்துக்கும் எனக்கு. நீ வாயே திறக்கக் கூடாது. பொரிக்கலைன்னா உனக்கு!"

"சரி" என்றாள் மனைவி. இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதில்லை. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மீன்காரரிடமிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு. ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய, சூட்டைப் பார்த்துக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட். அதுதான் பெட்டிக்கு மூளை! இருபது வருஷமாகக் கை எப்படி ஒயரை முடிந்ததோ, அப்படியே சடசடவென்று முடிந்தது. எதிர்வீட்டுக் கோழிக்கார அக்காவிடம் ஒரு டஜன் முட்டை வாங்கி வந்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல ஒவ்வொன்றாக இறக்கினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"சூடு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? பாப்பாவோட காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வெச்சுப் பாருங்களேன்."

"முட்டைக்கு என்ன காய்ச்சலா? இந்தக் கை எதுக்கு இருக்கு?" கையை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். "கச்சிதம்!"

"பல்பு அணையவே இல்லையே?"

"அணைய வேண்டிய நேரத்துல அணையும். தெர்மோஸ்டாட்டுக்கு நீ வேலை சொல்லித் தராதே."

சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் முட்டை இருந்தது. அவர் நாலு சாப்பிட்டார். "என்ன ருசி! எப்பவும் இப்படி வேகவைக்க மாட்டியா?" என்றார். மனைவி பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு என்னவோ அமைஞ்சு போச்சு" என்றாள்.

அதற்கப்புறம், குஞ்சு பொரிக்க வேண்டிய மூன்று வாரமும் ஃப்ரிட்ஜ்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலை, மாலை, படுக்கப் போகும் முன் என்று முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைத்தார். கையை விட்டுக் கண்ணை மூடி, "கச்சிதம்" என்றார். ஒரு முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"துடிக்குது! கேளு! லப் டப், லப் டப்!"

மனைவி காதில் வைத்துப் பார்த்தாள். "எனக்குக் கேக்கலையே."

"உனக்கு எங்கே கேக்கும்? எனக்கு நல்லாக் கேக்குது!"

டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே புகவில்லை. ஆனந்தக் கூத்தாடிவிட்டார்.

"ஒரே இருட்டு! அப்படின்னா குஞ்சு உள்ளே நெரிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்! கனம்கூட ஏறியிருக்கு!"

"அவ்வளவு கனமா?"

"கல்லு மாதிரி!"

மனைவிக்கு என்னவோ இருமல் வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஒருநாள் காலை அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "வாங்க! ஓடி வாங்க!" என்று அலறல் கேட்டது. சோப்பு நுரையோடு ஓடினார். பெட்டியில் உடைந்த ஓடுகள். ஓடுகளுக்கு நடுவே பஞ்சுப் பஞ்சாய், மஞ்சள் மஞ்சளாய்க் குஞ்சுகள்! கீச்சு கீச்சென்று அந்த அறையே அதிர்ந்தது. ஃப்ரிட்ஜ்காரர் அழுதார். சோப்பு என்றார். அழுகைதான்.

"பாத்தியா? பாத்தியா? யாரு ஜெயிச்சது?"

"நீங்கதாங்க ஜெயிச்சீங்க. அறை உங்களுக்குத்தான். நான் வாயே திறக்கலை."

கோழிக்கார அக்கா கூப்பிடாமலே வந்தார். பெட்டியைப் பார்த்தார். பின்னறையைப் பார்த்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, இந்தக் குப்பைக்குள்ளேயா குஞ்சு விடப் போறே? கண்டதையும் கொத்துமே! ஒரு ஸ்க்ரூ போதும். எண்ணெய் பட்டா இறகு ஒட்டிக்கும். ஒண்ணும் தேறாது, சொல்லிட்டேன்."

அவ்வளவுதான்! ஃப்ரிட்ஜ்காரருக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ! மத்தியானத்துக்குள் பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். கம்ப்ரஸர்கள் போயின. குழாய்கள் போயின. செத்த ஃப்ரிட்ஜ்கள் வரிசையாக ஊர்வலம் போயின. அவரே பெருக்கினார், அவரே கழுவினார். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்து, கடைசி ஸ்க்ரூ வரை பொறுக்கினார். மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் கண்ணாடி போல மின்னிய அந்தத் தரையில் குஞ்சுகளை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். அப்போது எதிர்வீட்டுக் கோழி தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்று, "க்ளக், க்ளக்" என்றது.

பத்துக் குஞ்சும் ஒரே ஓட்டம்! அவர் காலுக்கிடையில் புகுந்து, படியில் உருண்டு விழுந்து, கோழியின் சிறகுக்குள் போய் ஒளிந்துகொண்டன. கோழி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது.

"இதென்னடி, அம்மாவைப் பாத்த மாதிரி ஓடுதுங்க?"

"அம்மாதானேங்க."

அவர் திரும்பினார்.

"உங்க பெட்டியில வெச்சது முதல் நாளே வெந்து போச்சு. தொட்டா கை சுட்டுச்சு. ராத்திரி நாலு சாப்பிட்டீங்களே, நல்லாயிருக்குன்னு?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சூடு ஏறினால் ஓடு, குளிர்ந்தால் நில் என்பது ஃப்ரிட்ஜின் சட்டம். அதே சட்டத்தை அவர் கை பல்புக்கும் போட்டிருக்கிறது! சூடு ஏற ஏற, எரி எரி என்று விரட்டியிருக்கிறது!

"அப்ப... நான் புரட்டிக்கிட்டு இருந்தது?"

"கூட்டுல கோழியை ஏமாத்த அக்கா வெச்சிருக்கிற சுண்ணாம்பு முட்டை. இன்னிக்கு நீங்க குளிக்கையில அதை எடுத்துட்டு, அக்கா கோழி பொரிச்ச குஞ்சுங்களை விட்டேன். குண்டு பல்பையும் அன்னிக்கே கழற்றிட்டேன். வீடு எரிஞ்சா என்ன பண்றது? அதுல எரிஞ்சது நம்ம ராத்திரி விளக்கு. நீங்க அதுக்கும் கச்சிதம்னுதான் சொன்னீங்க."

"வெந்துடுச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நீதானேடி ஜெயிச்சிருப்பே?"

"நான் ஜெயிச்சா நீங்க இன்னும் ஒரே ஒரு தடவைன்னு சொல்லுவீங்க. அறை ஒழியாது. நீங்க ஜெயிச்சாத்தான் ஒழியும்."

பாப்பா இடுப்பிலிருந்து இறங்கி, வெறும் தரையில் கைதட்டித் தவழ்ந்து போயிற்று. மனைவி முதல் தடவையாக அதன் பின்னாலேயே ஓடவில்லை.

வாதாட எங்கேயாவது ஒரு பிடி கிடைக்குமா என்று ஃப்ரிட்ஜ்காரர் தேடிப் பார்த்தார். ஒன்று கிடைத்தது. மார்பை நிமிர்த்தினார்.

"எது எப்படியோ, பந்தயத்துல ஜெயிச்சது நான்தானே?"

"பின்னே? நீங்களேதான்" என்றாள் மனைவி. "அந்தத் தையல் மெஷினுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கை குடுங்க."