நோட்டு இல்லாத வகுப்பு

பதினோரு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் நோட்டு இல்லை, பேனா இல்லை.

டீச்சரம்மா சாக்பீஸும் கையுமாக அவர்களைப் பார்த்தார். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருஷம் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தவர் அவர். நோட்டுக் கொண்டு வராத பிள்ளையை எழுப்பி வாசலில் நிறுத்திவிடுவார். இங்கே நிறுத்துவதென்றால் தபால் கொண்டு வரும் அம்மாளையும், ரொட்டிக் கடைக்காரரையும், பால் பண்ணைக்காரரையும், பஸ் ஓட்டுகிறவரையும்தான் நிறுத்த வேண்டும். எல்லாருக்கும் ஐம்பதைத் தாண்டியிருந்தது.

கணவர் காலமாகி எட்டு மாதம். தனியாக இருக்க வேண்டாமென்று மகன் கடல் கடந்து தன்னோடு கூட்டி வந்துவிட்டான். நாற்பது வீடு, ஒரு ரொட்டிக் கடை, ஒரு நூலகம், அதுதான் ஊர். மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்குக் காரில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். நடுவில் டீச்சரம்மாவோடு பேச ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் இருந்தது. அதுவும் மனசு வந்தால் உறுமும், இல்லையென்றால் இல்லை.

"இந்தக் கோடை வரைக்கும் பாக்கறேன்டா. முடியலைன்னா என்னை ஊருக்கு அனுப்பிடு" என்று மகனிடம் சொல்லியிருந்தார்.

மருமகள்தான் ஒரு வழி சொன்னாள். "அத்தை, நீங்க ஏன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கக் கூடாது? நூலகத்துல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"யாரும்மா வருவா?"

"நான் நோட்டீஸ் எழுதி ஒட்டறேன், பாருங்க."

அந்த ஊர்ப் பாஷை அவளுக்கு இரண்டு வருஷப் பழக்கம். அகராதியைப் புரட்டிப் புரட்டி நாலு வரி எழுதி, நூலகக் கதவில் ஒட்டினாள். இரண்டே நாளில் பதினோரு பேர் சரியென்று சொல்லிவிட்டார்கள்.

முதல் பாடத்தை எளிதாகவே வைத்தார் டீச்சரம்மா. ஜன்னலைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார்.

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் எழுந்து, ஜன்னல் வரைக்கும் போய், கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "விண்டோ" என்றார்.

"விண்டோ!" என்று டீச்சரம்மா பூரிப்போடு திருப்பிச் சொன்னார்.

வகுப்பே கைதட்டியது.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று சாயங்காலம் மகன் கேட்டான்.

"தங்கமான பிள்ளைங்கடா. நோட்டுதான் இல்ல."

மறுநாள் பதினோரு நோட்டு வாங்கிப்போய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் சற்றுக் குழம்பினாற்போல் இருந்தது. ஆனால் அடுத்த நாள் பதினொன்றும் அவர் மேசைக்குத் திரும்பி வந்தன. பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் பெயர். மாடு, குடை, ஏணி. தபால்கார அம்மாள் குடைக்கு வண்ணமே தீட்டியிருந்தார்.

சொல்லாமலே வீட்டுப்பாடம்! டீச்சரம்மா ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துச் சிவப்பு மையில் டிக் போட்டு, "குட்" என்றார்.

"குட்! குட்!" என்று தபால்கார அம்மாள் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மாணவி டீச்சரின் தோளைத் தட்டுவது அவருடைய சர்வீஸில் நடந்ததில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று விட்டுவிட்டார்.

ஆனால் பாடம் மட்டும் ஊர்ந்தது. இவர் ஒரு சொல் சொன்னால் அவர்களும் ஒரு சொல் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை. நாம்தான் வேகமாகப் போகிறோமோ என்று இன்னும் நிறுத்தி, இன்னும் உரக்கப் பேசினார். அவர் எவ்வளவு நிறுத்தினாரோ அதைவிட நிறுத்தி, எவ்வளவு கத்தினாரோ அதைவிடக் கத்தி அவர்களும் பதில் சொன்னார்கள். நூலகர் அம்மாள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சரி, இலக்கணத்தால் பிடிப்போம் என்று மூன்றாவது வாரம் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தவறான வாக்கியம் எழுதினார்: 'ஹி கோ டு ஸ்கூல்.'

வகுப்பின் முகம் விழுந்துவிட்டது. பஸ் டிரைவர் மெல்ல எழுந்து வந்து, 'கோ'வை 'கோஸ்' ஆக்கி, பரவாயில்லை என்பதுபோல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அடடா, என்ன மூளை! அந்த உற்சாகத்தில் டீச்சரம்மா மளமளவென்று இன்னும் பத்துத் தவறுகளை எழுதித் தள்ளினார். ஏழாவது தவறில் பால் பண்ணைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதிதாக ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் பதினேழு.

"பேர் பரவுதும்மா" என்றார் மருமகளிடம்.

படிப்பு தெருவுக்கும் வந்தது. ரொட்டிக் கடைக்காரர் இங்கிலீஷில் மூன்று தரம் கேட்க வைத்துத்தான் ரொட்டியைக் கையில் கொடுத்தார். தபால்கார அம்மாள் கடிதம் இல்லாத நாளிலும் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பூவையும் பூனையையும் காட்டிப் பெயர் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு நிறுத்தத்தையும் இங்கிலீஷில் கூவினார். இத்தனை ஆர்வம் உள்ள மாணவர்கள் டீச்சரம்மாவுக்கு ஆயுளில் வாய்த்ததில்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு யாரைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கணவர் போன பிறகு அப்படி ஒரு நினைப்போடு அவர் விழித்ததே இல்லை.

"டிக்கெட் பாக்கட்டுமாம்மா?" என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பாடம் பாதியில கிடக்குது. சும்மா இருடா."

கோடை முடிந்தது. கடைசி நாளன்று நூலகத்தில் பூச்செண்டு வைத்திருந்தார்கள். சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். ஊர்ப் பாஷையில் ஏதேதோ எழுதி, நடுவில் அவர் பெயர். மாணவர்கள் டீச்சருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்! டீச்சரம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல எழுந்தார். இன்றைக்கு மட்டும் எளிய சொற்கள் வேண்டாம், புரிந்த அளவு புரியட்டும் என்று தீர்மானித்து, இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தன் முழு இங்கிலீஷில் பேசினார். கணவரைப் பற்றிச் சொன்னார். அவர் போன பிறகு வீட்டில் குடிகொண்ட அமைதியைச் சொன்னார். இனி என்னோடு பேச ஆளே இல்லை என்று நினைத்து இந்த ஊருக்கு வந்தேன், இப்போது தெருவில் இறங்கினால் பதினேழு பேர் பேசுகிறீர்கள் என்றார். பத்து நிமிஷம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

பதினேழு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். தபால்கார அம்மாள் தேம்பித் தேம்பி அழுதார். பால் பண்ணைக்காரர் பஸ் டிரைவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஒருவருக்கொருவர் கை குலுக்கி, முதுகில் தட்டிக்கொண்டார்கள். டீச்சரம்மா பக்கம் வர யாருக்கும் நினைவில்லை.

அதுவரை அவரைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவந்த நூலகர் அம்மாள்தான் வந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தங்குதடையில்லாத இங்கிலீஷில் சொன்னார்:

"ஒரு வார்த்தைகூடத் தெரியாம நோட்டீஸ் ஒட்டி எங்ககிட்ட படிக்க வந்தீங்க, ரெண்டே மாசத்துல இப்படிப் பேசறீங்களேம்மா, பதினேழு வாத்தியாருங்க பட்ட பாடு வீண் போகல!"