சாத்தானுக்கு ஒரு சின்னத் திருத்தம்

திருத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. அவர் எதையும் செய்யமாட்டார். செய்து முடித்த இடத்துக்குச் சரியாக வந்து சேர்வார். வந்தவர் உட்காரமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருளை ஒரு சுற்றுச் சுற்றி, நாலடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "பிரமாதம்!" என்பார். நிம்மதியாக மூச்சு விட்டுவிடாதீர்கள். அவர் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த திருத்தக்காரர் ஒரு தேவாலயக் கமிட்டியின் தலைவர். விண்ணிலிருந்து தள்ளப்பட்ட சாத்தானின் சிலை வேண்டுமென்று என் நண்பரான சிற்பியிடம் கேட்டிருந்தார். மனிதர் இரண்டு வருடம் பளிங்கோடு மல்லுக்கட்டினார். ஒடிந்த சிறகு, சுருள்முடி, நடந்ததை இன்னும் நம்பமுடியாமல் மேலே பார்க்கும் அழகான முகம். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே சாத்தான்மேல் பரிதாபம் வந்தது. தலைவர் தலையாட்டினால் சிலை தேவாலய வாசலுக்குப் போகும். இல்லையென்றால் பட்டறை மூலையில் கிடக்கும்.

தலைவர் வந்தார். சுற்றினார்.

"பிரமாதம்! ஆனா சாத்தான் இவ்வளவு லட்சணமா இருக்கலாமா?"

"இப்பதானே சார் விழுந்திருக்கான். நேத்து வரைக்கும் தேவதூதன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியுமா?"

கவனித்தீர்களா? திருத்தக்காரர் தனக்கென்று எதுவும் கேட்கமாட்டார். எல்லாம் ஜனங்களுக்காக!

சுருள்முடியைச் செதுக்கி இரண்டு கொம்புகள் ஆக்கியாயிற்று. அடுத்த வாரம் பார்த்தால் கொம்புக்கு மூக்கு பொருந்தவில்லை, மூக்கு குறைந்தது. மூக்கு குறைந்ததும் கன்னம் துருத்திக்கொண்டு தெரிந்தது, கன்னமும் போயிற்று. கல்லில் எடுத்ததைத் திரும்ப ஒட்டவா முடியும்? தரையில் கிடந்த சில்லுகளைக் கூட்டி அள்ளிய சிற்பியின் மனைவி, "இவர் இன்னும் ரெண்டு தடவை வந்தா தலையே மிஞ்சாது" என்று முணுமுணுத்தார்.

நாலாவது முறை வந்த தலைவர், ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "முன்னாடி மூஞ்சில ஒரு களை இருந்துதே, அது எங்க போச்சு?" என்றார்.

சிற்பியின் மனைவி துடைப்பத்தோடு நிமிர்ந்து கேட்டார்:

"ஏன் சார், இவன் அப்படி என்ன தப்புப் பண்ணினான்னு கீழ தள்ளினாங்க?"

"படைச்சவனைவிடத் தனக்குத்தான் அதிகம் தெரியும்னு நினைச்சான்மா. அந்தத் திமிர் மூஞ்சில தெரியணும். அதான் இங்க குறையுது" என்றார் தலைவர், கொஞ்சமும் அசராமல்.

சிற்பி தலைவரின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உளியைக் கையில் எடுத்தார்.

"அப்படியே கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்."

சிலை இப்போது தேவாலய வாசலில் இருக்கிறது. தலைவருக்குப் பரம திருப்தி. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று சிரிக்கிறார்கள். "எங்க மேனேஜரேதான்!" என்கிறார் ஒருவர். "ஐயோ, என் மாமனார்!" என்கிறார் இன்னொருவர். நான் என் மைத்துனரைக் கண்டேன். தன்னைக் கண்டதாகச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை.

நீங்களும் அவசியம் போய்ப் பாருங்கள். மனைவியையோ கணவரையோ கூட அழைத்துப் போகலாம். ஆனால் சிலையைப் பார்த்ததும் அவருக்கு யார் ஞாபகம் வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.