வேலூரைவிடக் கிட்ட இருந்த மஸ்கட்

உலகத்தையே சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனவர் ராயபுரத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருவின் நரம்பு மாமா. நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஏறிய அதிகபட்ச உயரம் அந்தக் கிரேன்தான். ஆனாலும் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் அவரிடம் கேட்காமல் மீனம்பாக்கம் போக முடியாது. பையிலிருந்து தூண்டில் நரம்பை உருவுவார். இருநூற்றைம்பது மைலுக்கு ஒன்றாக அதில் முடிச்சுகள். பள்ளிக்கூட அட்லஸை விரித்து, ஒரு முனையைச் சென்னையில் அழுத்திப் பிடிப்பார். சிங்கப்பூர் ஏழு முடிச்சு, குவைத் ஒன்பது. ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போக அரை முடிச்சு தனி. அது பஸ் நெரிசலுக்காம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. அம்மா முடியவே முடியாது என்றார். அப்பா சாகக் கிடந்தபோது, வேலூரில் கட்டிக்கொடுத்த அக்கா மூன்று மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து முகம் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு மகள்களின் எல்லை மூன்று மணி நேரம். ஏஜென்டிடம் பதில் சொல்ல இரண்டே நாள் பாக்கி. விமான நேரம் எழுதிய சீட்டோடு அம்மாவை மாமாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

நரம்பு ஆறு முடிச்சு காட்டியது. அம்மா முகம் வாடியது. மாமா சீட்டைப் படித்தார். காலை பத்துக்குக் கிளம்பி, பன்னிரண்டரைக்கு மஸ்கட்.

"ரெண்டரை மணி நேரம். வேலூர விட கிட்டகீது, தங்கச்சி."

அம்மா லேசுப்பட்டவர் இல்லை. திரும்பும் நேரத்தைக் காட்டினார். மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி, இரவு ஏழுக்குச் சென்னை. ஐந்தரை மணி நேரம் எப்படி?

மாமா அசரவில்லை. "போறப்போ ஒரு பொட்டி. வரப்போ அல்லாரும் கம்பளி, டேப் ரிக்கார்டரு, பால்பவுடர் டின்னுன்னு அள்ளிக்கினு வரானுங்க. லோடு ஏத்துன கப்பலு மெதுவாத்தான வரும்? வெறுங்கையோட வந்தா அதே ரெண்டரைதான்."

அம்மா ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மஸ்கட்டில் இறங்குமுன், அந்த ஊர் நேரத்துக்குக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள். பாவம், மாமாவுக்கு இது தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டேன். இரண்டு வருஷமும் அம்மாவின் கடிதங்கள் ஒரே மாதிரிதான் முடிந்தன: 'வரும்போது ஒன்றும் வாங்காதே. சீக்கிரம் வந்து சேர்.'

முதல் லீவில் ஒரே ஒரு பையோடு வந்தேன். தெருவே ஏமாந்து போனது. விமானம் அப்போதும் ஐந்தரை மணி நேரக் கணக்கில்தான் வந்திருந்தது. அதற்காக அம்மா, மீனம்பாக்கத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த மற்ற பயணிகளை முறைத்தார் பாருங்கள், அப்படி ஒரு முறைப்பு.

மாமாவுக்கு மட்டும் ஒரு சின்ன உலக உருண்டை வாங்கி வந்திருந்தேன். கொடுத்துவிட்டு, போக, வர இரண்டுக்குமே நாலு மணி நேரம்தான் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் உருண்டைமேல் நரம்பை வைத்து அளந்துகொண்டே இருந்தார்.

"தெரியும் பாப்பா. முப்பது வருசம் கப்பல்காரனுங்களோட இருந்தவன். கரை எறங்குனா அவனுங்க மொதல்ல வாட்ச்சத்தான் திருப்புவானுங்க. நாலுன்னா வேலூரத் தாண்டிடும். உங்கம்மா வுட்டிருக்குமா?"

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எனக்காக ஒன்றரை மணி நேரத்தை முழுசாக விழுங்கிய மனுஷன் அவர். இன்றைக்கும் யாராவது மஸ்கட் எவ்வளவு தூரம் என்று கேட்டால், அவரை நினைத்துக்கொண்டு, வேலூரைவிடக் கிட்ட என்றுதான் சொல்கிறேன்.