எல்லாப் பீஸிலும் ஒரே கீறல்

"ஏம்மா, நாலு கண்ணு வெச்சிக்கினு வந்து உக்காந்துகீற. கீறல் உன் கண்ணாடில கீதா, பீஸ்ல கீதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று வருடங்களுக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் நரசிம்மன் அறிவுமதியிடம் கேட்ட கேள்வி இது. லைனே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி அன்று சாயங்காலம் அவளோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தது. அப்புறம் தினமும் காலையில் அவளோடேயே கிளம்பிப் போனது.

ஒரகடத்தில் கார்களுக்கு ஹெட்லைட் கவர் செய்யும் கம்பெனி. அறிவுமதிக்கு நாலாம் மேசை; நாலாம் அச்சில் வார்த்த கவர்களெல்லாம் அங்கேதான் வரும். ஒவ்வொரு கவரையும் டியூப்லைட் வெளிச்சத்தில் முகத்துக்குக் கிட்டே பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் தன் நம்பர் போட்ட பச்சை ஸ்டிக்கர். கீறல் இருந்தால் சிவப்பு டப்பா. கான்ட்ராக்ட் வேலைதான். இந்த வருடம் நிரந்தரம் ஆக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கண்ணாடியைச் சாக்காகக் காட்டி நரசிம்மன் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடுவார் என்று பயம்.

அதனால்தான் கம்பெனியில் யாருக்கும் சொல்லாமல் லேசர் செய்துகொள்ளப் போனாள்.

"ரெண்டு முறை இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஒண்ணு, கருவிழி மேல மெல்லிசா மூடி மாதிரி வெட்டித் தூக்கி, உள்ளே லேசர் அடிச்சு, மூடியைத் திரும்ப மூடிடறது. மறுநாளே பளிச்சுன்னு தெரியும்."

"அதையே பண்ணிடுங்க மேடம்."

"உனக்குக் கருவிழியே மெல்லிசு. வெட்டக் கூடாது. மேல்தோலை மட்டும் வழிச்சு எடுத்துட்டு லேசர் அடிக்கணும். தோல் தானா வளர்ந்து மூடும். அதுவரைக்கும் கட்டு மாதிரி ஒரு லென்ஸ் வைப்போம். எரியும், தண்ணியா கொட்டும். கொஞ்ச நாளைக்குப் புகை மாதிரி, வளையம் மாதிரி ஏதாச்சும் தெரியலாம். பயப்படக் கூடாது."

அந்த 'ஏதாச்சும்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கண் ஆபரேஷன் என்றால் மேசையில் உட்காரவே விடமாட்டார்கள். அறிவுமதி நரசிம்மனுக்குப் போன் போட்டாள்.

"சார், அம்மை போட்டிருக்கு."

"ஐயய்யோ, வராத. பன்னெண்டு நாள் ஆவட்டும், தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வா. உன் மேசையை நானே பாத்துக்கறேன்."

அஞ்சாம் நாள் கட்டு லென்ஸை எடுத்தார்கள். பதிமூன்றாம் நாள் அறிவுமதி வேலைக்குப் போனாள். மூன்றாம் மேசை மெர்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தழும்பு ஒண்ணுகூட இல்ல. மூஞ்சில கண்ணாடியும் இல்ல. உங்க அம்மன் போவும்போது கண்ணாடியை எடுத்துக்கினு போயிட்டாளாடி?"

"கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கேன்டி."

இது இரண்டாவது பொய்.

நரசிம்மன் வந்தார். வருகைப் பதிவேட்டை எட்டிய மட்டும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைத் தேடி டிக் போட்டார். "பன்னெண்டு நாளும் உன் மேசைல என் ஸ்டிக்கர்தான். எத்தினி ரிஜெக்ட் தெரியுமா? ஜீரோ! அதான் அனுபவம்."

அறிவுமதி முதல் கவரை எடுத்தாள். இடது மூலையில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். சிவப்பு டப்பாவில் போட்டாள். அடுத்த கவர். அதே மூலையில் அதே கீறல். மூன்றாவதிலும் அதே. டீ நேரத்துக்குள் டப்பா நிரம்பி வழிந்தது.

ஒரு பீஸில் இங்கே, ஒரு பீஸில் அங்கே என்றால் கீறல் பீஸில் இருக்கிறது. எல்லாப் பீஸிலும் ஒரே இடத்தில் என்றால் அது எங்கே இருக்கும்? 'ஏதாச்சும் தெரியலாம்.'

சோதித்துப் பார்க்க வலது கண்ணை மூடினாள். கீறல் இருந்தது. இடது கண்ணை மூடினாள். இருந்தது. மறுபடி வலது. எதிரே நரசிம்மன் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, கண்ணடிக்கிற? எனக்குப் பேரனே பொறந்தாச்சு."

"தூசு சார்."

"டப்பா இன்னா இப்டி ரொம்பிக்கீது?" ஒரு கவரை எடுத்து, விதிப்படி முகத்துக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா கீது இதுல? ஒண்ணியும் இல்ல. மெர்சி, நீ பாரு."

மெர்சி வாங்கிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நரசிம்மனின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சாருக்கே தெரியலன்னா எனக்கு எப்படி சார் தெரியும்?"

மதியம் அறிவுமதி கழிவறைக்குப் போய், ஒரு சொட்டு விட வேண்டிய மருந்தை நாலு சொட்டாக விட்டுக்கொண்டு வந்தாள். அருமையான மருந்து. கீறல் காணாமல் போய்விட்டது. டியூப்லைட், மேசை, மெர்சி எல்லாமும் கூடவே காணாமல் போயின. அவள் நிம்மதியாகப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே போனாள்.

"அடியே, அது என் டிபன் பாக்ஸ் மூடிடி!" என்று கத்தினாள் மெர்சி.

மறுநாள் பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி இருந்த நாளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்பது அவள் கணக்கு. சரியாகிவிட்ட கண்ணுக்கு மைனஸ் அஞ்சு பவர். தரை ஒரு படி கீழே இறங்கிவிட்டது. இல்லாத படியில் கால் வைத்து, நாற்பது கவர் இருந்த டிரேயோடு நரசிம்மனின் காலடியில் போய் விழுந்தாள். இப்போது நாற்பதிலும் யார் பார்த்தாலும் தெரிகிற கீறல்.

அழுகையோடு எல்லா உண்மையும் வெளியே வந்தது.

"அம்மைன்ன. லென்ஸுன்ன. இப்ப லேசரா?" நரசிம்மனுக்கு மூச்சு வாங்கியது. "கண்ணைக் கீறிக்கினு வந்துட்டு பீஸ்ல கீறல்ன்றியா? வெள்ளிக்கெழமை கார் கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வர்றான். நீ வா, டாக்டர்கிட்டயே எழுதி வாங்கறேன். கண்ணு சரியில்லன்னு ஒரு வரி போதும், கையோட உன்னை வூட்டுக்கு அனுப்பிடறேன்."

சாட்சிக்கு, முந்தின நாள் டப்பாவிலிருந்து ஒரு கவரைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவரே அவளைத் தன் வண்டியில் ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் அறிவுமதி, வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அம்மை என்று வீட்டில் சொல்ல முடியாது.

டாக்டர் அவள் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார்.

"தோல் அழகா மூடிடுச்சு. தழும்பு இல்ல, புகை இல்ல. கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படிக்கிறா. வேலைக்குப் போகலாம்."

"அப்ப இல்லாத கீறல் எப்டி மேடம் தெரியுது இதுக்கு?" என்று நரசிம்மன் பேப்பரைப் பிரித்தார்.

டாக்டர் அதற்குள் அடுத்த நோயாளியிடம் திரும்பிவிட்டார். சொட்டு மருந்து விடுகிற நர்ஸ் செங்கமலம்தான் கவரை வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"இந்த மூலைல கீதே, அதுவா? எனக்கே தெரியுதே."

நரசிம்மன் அதைப் பிடுங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "எங்கம்மா?"

செங்கமலம் கவரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"சாருக்கு அம்பது தாண்டியாச்சு இல்ல? படிக்கிற கண்ணாடி போடாம கிட்டக்க இருக்கறது எப்டித் தெரியும்? கையை நல்லா நீட்டிப் புடிச்சுப் பாருங்க."

நரசிம்மன் கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். கை முழுக்க நீண்டதும் அவர் பார்வை அந்த மூலையிலேயே நின்றது. அவர் உதடுகள் அசைந்தன. நாலாம் அச்சிலேயே கீறல், அதன் மேல் தான் பன்னிரண்டு நாள் ஒட்டிய பச்சை ஸ்டிக்கரை எண்ணுகிறார் என்று அறிவுமதிக்குப் புரிந்தது.

கவரை மெதுவாக அவள் மடியில் வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.