சம்பந்தி தட்டிய கதவு

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
வியாழக்கிழமை காலை, மழை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி, வத்தலக்குண்டு மரக்கடை திரு. மரியசூசை அவர்களுக்குப் பெண்ணின் தகப்பன் உபகாரம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மனைவி கித்தேரியம்மாளும் மகள் சலேத்மேரியும் சளியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை அமலும் நலமாக இருக்கச் சலேத் மாதாவை மன்றாடுகிறோம். 'சம்பந்தி' என்று இப்போதே எழுதலாமா என்று கித்தேரி கேட்டாள். நீங்கள் இன்னும் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை, எங்கள் வீட்டுச் சோறு உங்கள் தொண்டையில் இறங்கினால்தான் சம்பந்தம் உறுதி, அதுவரை 'ஐயா' என்று எழுதுவதுதான் மரியாதை என்பது அவள் கட்சி. எழுதிவிட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீங்கள் குடும்பத்தோடு கை நனைக்க வருவதாகப் பேச்சு. அதை இரண்டு வாரம் தள்ளிவைக்கும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து தப்பாக நினைக்க வேண்டாம். பெண் வீட்டில் யாருக்கும் மனசு மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு இப்போது வாசற்கதவு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன திங்கட்கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள் அல்லவா, அதை எடுக்கப் போய்த்தான் என் போன் வார்னிஷ் டின்னுக்குள் விழுந்தது. உள்ளே கிடந்தபடியே நீங்கள் 'ஹலோ, ஹலோ' என்று சொன்னது எனக்குக் கேட்டது. எடுத்துத் துடைத்தேன், பளபளப்பாக இருக்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது. சலேத்தின் போனில் பேசலாம், ஆனால் இந்தச் செய்தியை அவள் போனிலிருந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் கிளாவரையிலிருந்து வத்தலக்குண்டுக்குக் கேரட் ஏற்றிப் போகும் முருகானந்தத்தின் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உள்ளே நுழையும் முன் கதவின் மேல் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு உள்ளங்கையால் கீழ்ப்பலகையைத் தடவினீர்கள், அங்கேதான் வார்னிஷ் வெங்காயத்தோல் மாதிரி உரிந்து கிடந்தது. ஒன்றும் சொல்லவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். மரக்கடைக்காரர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் பெண்ணைப் பெற்றவன் என்ன நினைப்பான்? கதவையே இப்படி வைத்திருக்கிறவன் பெண்ணை எப்படி வளர்த்திருப்பான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கித்தேரியிடம் சொன்னேன். "அவரு பொண்ணப் பாக்க வந்தாரா, கதவப் பாக்க வந்தாரா? பேசாம இருங்க" என்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பேசாமல் இருந்து பழக்கமில்லை.

உப்புத்தாள் வாங்கி, பழைய வார்னிஷைச் சுரண்டி, கதவு பச்சை உடம்பாக நின்ற அன்றுதான் ஐப்பசி மழை பிடித்தது. டின்னில் எட்டு மணி நேரத்தில் காயும் என்று போட்டிருந்தது, எந்த ஊரில் என்று போடவில்லை. ஒரு கை அடித்துவிட்டு நிமிர்ந்தால் ஏரிப் பக்கமிருந்து மேகம் வந்து கதவின் மேலேயே படுத்துக்கொண்டது, விலகியபோது கதவு முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெளுத்திருந்தது. மறுபடி சுரண்டினேன், மறுபடி அடித்தேன். இந்தத் தடவை உள்ளங்கை அகலத்தில் ஒரு விட்டில் வந்து ஒட்டிக்கொண்டது, அதை எடுக்கப் போய் என் சட்டைக் கை ஒட்டிக்கொண்டது, கை ஒட்டியதைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு நாய் கதவில் சாய்ந்து முதுகு சொறிந்துவிட்டுப் போனது. மழையில் வைத்துச் செய்வது ஆகாது என்று கீலைக் கழற்றிக் கதவை உள்ளே கொண்டுவந்து பெஞ்சின் மேல் கிடத்தினேன். கழற்றும்போது கீலில் ஒன்று உடைந்தது. அடுப்புச் சூட்டில் காயட்டும் என்று பார்த்தால் கரிப்புகை ஏறியது. சலேத் முடி காயவைக்கிற மெஷினைக் கொடுத்தாள், அதற்குள் கரண்ட் போய்விட்டது. வார்னிஷ் நாற்றத்தில் கித்தேரி ஜெபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டாள், எங்களுக்குக் கல்யாணமாகி இன்றுவரை நடக்காத காரியம் அது.

கடைசியில் பேக்கரி சுப்புராஜின் அடுப்படி ஞாபகம் வந்தது. நல்ல மனுஷர், கொண்டுவாங்க சார் என்றார். நாலு பேர் சேர்ந்து கதவைத் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாகப் போனோம். எதிரே வந்த இரண்டு பேர் குடையை மடக்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுப்பு ஓரத்தில் கதவு அருமையாகக் காய்ந்துகொண்டு வந்தது, பாதி காய்ந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்கிறவர் யாரோ, புது மேஜை என்று நினைத்து, சூடான பன் தட்டுகளை அதன் மேல் வரிசையாக அடுக்கிவிட்டார். தட்டின் தடம் ஒவ்வொன்றும் அழகாகப் பதிந்திருக்கிறது. அன்றைக்கு நாயுடுபுரம் முழுக்க வார்னிஷ் வாசனையோடு பன் சாப்பிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை, மக கல்யாணத்துக்காம்பா என்று சொல்லிக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கே வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தோம். விடிந்தால் ஒரு காட்டுமாடு வாசலில் நின்று ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கித்தேரி அது நகரும்வரை மாதா படத்துக்குப் பின்னால் நின்றாள். அது போகும்போது தார்ப்பாயைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஏரி ரோட்டுப் பக்கம் போய்விட்டது. பிறகு கோயமுத்தூரிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம், வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்து லாட்ஜ் என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்து, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டது. கித்தேரி காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அவர்களுக்குப் போகவே மனசில்லை.

சம்பந்தி, இதையெல்லாம் சிரிப்பாக எழுதிவிட்டேன். ஆனால் தள்ளிவைக்கப் போகிறேன் என்று நேற்று வீட்டில் சொன்னதும் சலேத் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கழுவி அடுக்கிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று அவள் எடுத்துவைத்த சேலை கட்டிலின் மேலேயே இருக்கிறது. இந்த நாட்களில் சாயங்காலமானால் நாற்காலியைப் போட்டுக் கதவில்லாத வாசலில் அவள்தான் காவல் உட்கார்ந்திருந்தாள், மழையைப் பார்த்துக்கொண்டு, நான் அடிக்கிற கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவள் போன பிறகு இந்த வாசலுக்கு எந்தக் கதவு போட்டாலும் எனக்கு வெறுமையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையை எதற்கு நான் அழவைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பன் தட்டுத் தடத்தோடு ஒரு கதவை உங்கள் முன்னால் நிறுத்த என்னால் முடியாது. இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று மட்டும் அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள், நீங்கள் தள்ளிவைத்திருந்தால் நாங்கள் அப்படிப் பண்ணிக்கொள்ள மாட்டோம்.

சம்பந்தி அம்மாவுக்குக் கித்தேரியின் அன்பு. மாப்பிள்ளை அமலுக்கு எங்கள் ஆசீர். உங்கள் கடையில் மரமும் மனுஷரும் மழையில் நனையாதிருக்கக் கடவுள் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
ம. உபகாரம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை மறந்துவிடுங்கள். முருகானந்தத்தின் லாரிக்காகக் காத்திருந்தபோது, மத்தியானம் வாசலில் "சார், சார்" என்று ஒரு குரல். பார்த்தால் மாப்பிள்ளை அமல், பைக்கில் வந்து சொட்டச் சொட்ட மழையில் நிற்கிறார். தட்டக் கதவில்லாததால் உள்ளே வரக் கூச்சம். கையில் ஒரு பொட்டலம், பிரித்தால் புதுக் கீல் மூன்று. கீல் உடைந்த சேதி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தார், உள்ளே சலேத்துக்குத் திடீரென்று சோலி வந்துவிட்டது. கித்தேரி துண்டு கொடுத்து உட்காரவைத்தாள். சுடுசோறும் ரசமும் பீன்ஸ் பொரியலும் தட்டில் வந்தன. பாவம், அவர் பசியில் இரண்டாவது தடவை சோறு வாங்கிப் பிசையும்போதுதான் கித்தேரிக்கு உறைத்தது. "ஏங்க, மாப்ள கை நனைச்சுட்டாருங்க" என்றாள். மணிக்கட்டு வரை ரசம் வழிய அவர் அப்படியே நின்றுபோன கையோடு என்னைப் பார்த்தார். "தப்பாங்க மாமா?" என்றார். வந்தபோது சார், இப்போது மாமா. நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. சோறு போட்டவள் சலேத். தெரியாமல் போட்டாயா என்று கேட்டேன். "தெரிஞ்சுதாம்பா போட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளையிடம், உங்கள் அப்பா அன்றைக்குக் கதவைத் தட்டிப் பார்த்தாரே, மரத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். "மரத்தப் பத்தியாங்க? பெல்லு அடிச்சோம், வேல செய்யல, அதாங்க தட்டுனாரு" என்றார். கீழ்ப்பலகையைத் தடவியது? "குடையத் தொட்ட கை ஈரமா இருந்துச்சு, தொடச்சாருங்க."

கதவை நானும் அவரும் பேக்கரிக்குப் போய்த் தூக்கி வந்து மாட்டிவிட்டோம். வரும் வழியில் மழையில் ஊறிப் பெருத்துவிட்டது, மூடினால் நிலைக்குள் போகவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்துவிடுங்கள். தட்ட வேண்டாம், திறந்தேதான் கிடக்கும். உங்கள் பிள்ளை முந்திக்கொண்டார், நீங்களும் சம்பந்தி அம்மாவும்தான் பாக்கி.