பச்சை எரிந்தால் ஆமென்

எங்கள் சபைக்குள் கள்ள உபதேசம் நுழைந்துவிடக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு, பிரசங்க மேடையின் ஓரத்தில் ஒரு சிக்னல் விளக்கு வைக்கப்பட்டது. சாலையில் இருப்பது போலவே சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை எரிந்தால் உபதேசம் சுத்தமானது, ஆமென் சொல்லலாம். மஞ்சள் எரிந்தால் தலையைக் குனிந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தாய்மார் பொத்திவிட வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின மழைக்காலத்தில் ஒரு ஊழியக்காரர் வந்து, ஜெபித்த கைக்குட்டையை வாசலில் கட்டினால் கூரை ஒழுகாது என்று போதித்துவிட்டுப் போனார். சபையே கட்டியது. மழை பெய்தது. ஒழுகுகிற வீடுகள் ஒழுகின. கூடுதலாகக் கைக்குட்டையும் ஒழுகியது.

எங்கள் போதகர் சாதுவான மனிதர். தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: "பிரியமானவங்களே, அப்போஸ்தலர் பவுல் பிரசங்கிச்சதையே பெரோயா ஊர்க்காரங்க வீட்டுக்குப் போய் வேதத்தைத் திறந்து சரிபார்த்தாங்க. நாமளும் அதைத்தான் செய்யணும்."

சபைச் செயலாளர் எழுந்தார். அவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தை விட்டு வந்தாரே தவிர, கண்காணிப்பை விட்டு வரவில்லை.

"ஆளாளுக்கு வீட்ல சோதிக்க ஆரம்பிச்சா சபையில ஒழுங்கு என்ன ஆகும் ஐயா? பகுத்தறியறதுக்குன்னு முறைப்படி ஒரு அமைப்பு வேணும்."

இப்படியாக 'உபதேசப் பகுத்தறிவு உயர்நிலைக் குழு' உதயமானது. மச்சான் தலைவர், விளக்கின் ரிமோட் அவர் கையில். கூட இரண்டு பேர், தலையாட்டுவதற்கு. என்னையும் சேர்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சிக்னலைப் பார்த்து வயிறு வளர்த்தவன் அந்தக் கூட்டத்திலேயே நான் ஒருவன்தான். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டினேன். "மாப்பிள்ளை, இது நிர்வாகம். ஸ்டீயரிங் இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நான் அதை அன்றைக்கே மன்னித்து மறந்துவிட்டேன். அப்போது அவர் போட்டிருந்தது கோடு போட்ட சட்டை, மேல் பித்தான் இல்லை.

விளக்குப் பெட்டி கொஞ்சம் ஆடியது. மேடையில் சும்மா கிடந்த பெரிய வேதாகமத்தை அடியில் முட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆடவில்லை.

சபை மிகவும் செழிப்படைந்தது. விசுவாசிகள் வேதாகமத்தைச் சுமந்துகொண்டு வருகிற பாரம் நீங்கியது. விளக்கு தெரியவில்லை என்று பின்வரிசைக்காரர்கள் முறையிட்டதால் தூண்கள் மேல் கண்ணாடி மாட்டினார்கள். போதகரே ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்திப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதியைச் சொல்லப் பழகினார். மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினால் அவருக்கு மஞ்சள்தான் வந்தது.

இந்த நிலையில் வந்து சேர்ந்தார் வெள்ளை ஷூ. பெயர் வேறு ஏதோ பெரியதாக நோட்டீஸில் இருந்தது. கண்ணில் பட்டது ஷூதான். முழங்காலில் கிழிந்த பேண்ட். கிழிசலுக்காகவே அதிக விலை கொடுத்து வாங்கியதாம். முழங்காலில் நின்று ஜெபித்துக் கிழிந்தது என்று என் பக்கத்தில் ஒரு அம்மா கண்ணீர் விட்டார். வாயோரத்தில் ஈ உட்கார்ந்தது போல ஒரு மைக். அவர் மேடை ஏறும்போது புகை வந்தது. புகைக்கும் பச்சைதான் எரிந்தது.

முதலில் குழுவைப் புகழ்ந்தார். "எத்தனையோ சபைகளைப் பார்த்திருக்கேன். இப்படி ஒரு பகுத்தறிவை நான் எங்கேயும் பார்த்ததில்லை!" மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வெள்ளை ஷூ குரலைத் தாழ்த்தினார். "நீ மாத்திரையை விழுங்குறப்போ விசுவாசத்தைத் துப்புறே. தூக்கி எறி! இன்னைக்கே எறி!"

பச்சை எரிந்தது. ஆமென் கூரையைத் தூக்கியது.

அன்று மத்தியானம் சமையலறைக் குப்பைக்கூடையில், வெங்காயத் தோலுக்கு மேலே, என் மனைவியின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை கிடந்தது.

"என்னடி இது?"

"பச்சை எரிஞ்சுதுங்க."

"டாக்டர் ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு சொன்னாரே."

"அவருக்கு மேல விளக்கா எரிஞ்சுது? நீங்க ஆயுசு பூரா வண்டி ஓட்டினீங்களே, பச்சையில நின்னிருக்கீங்களா?"

"நின்னிருக்கேன். குறுக்கே ஆம்புலன்ஸ் வந்தப்போ."

"எல்லாத்துக்கும் ஒரு பதில். அதனாலதான் உங்களைக் குழுவுல சேர்க்கலை" என்றாள்.

அட்டையைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வாரத்தின் நடுவில் அவள் துணி உலர்த்தப் போனவள் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "விசுவாசம் உள்ளே இறங்குது, அதான் கிறுகிறுப்பு" என்றாள். பயத்தை மறைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மாத்திரையை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

நேரே சபை அலுவலகத்துக்குப் போனேன். மச்சான் மின்விசிறிக்கு அடியில் இருந்தார்.

"மச்சான், அந்தப் பச்சையை வாபஸ் வாங்குங்க. உங்க தங்கச்சி விழுந்துடுவா போலிருக்கு."

"எரிந்த பச்சையைத் திரும்பப் பெற விதியில் இடம் இல்லை."

"தலை சுத்துதுங்கறேன்."

"அது உடம்பு சம்பந்தப்பட்டது. நாங்க உபதேசம் மட்டும்தான் பார்க்கிறோம்."

"உங்க கூடப் பொறந்தவ!"

"அதனாலதான் நான் தலையிடக் கூடாது மாப்பிள்ளை. நாளைக்கு நாலு பேர் பாரபட்சம்னு சொல்லுவாங்க."

சொல்லிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் அந்த டம்ளரையே பார்த்தேன்.

"எனக்கும் பிரஷர்தான்" என்றார்.

"அப்ப அன்னைக்கு அந்த ஆள் சொன்னது?"

"என்ன சொன்னாரு?"

"மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்னாரே! நீங்கதானே பச்சை போட்டீங்க?"

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரிமோட்டைக் கவனிக்கிறவன் பிரசங்கத்தையும் கவனிக்க முடியுமாய்யா? எனக்கு என்ன நாலு காதா?"

"கவனிக்காம எதை வெச்சுப் போடுறீங்க?"

"சபை ஆமென் சொல்லுது. சபையே ஏத்துக்குதுன்னா உபதேசம் சரி. நான் பச்சை போடுறேன்."

"சபை பச்சையைப் பார்த்துத்தானே ஆமென் சொல்லுது?"

"பார்த்தீங்களா, எவ்வளவு ஒத்துமை!" என்றார், உண்மையாகவே மகிழ்ந்து.

"முதல் ஆமென் யார் சொல்றது மச்சான்?"

கொஞ்சம் யோசித்தார். "பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரே, வெள்ளை ஷூ கூட வந்தவர், புகை மிஷின் போடுறவர். நல்ல குரல். அவர்தான் ஆரம்பிப்பார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரக்கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். வெள்ளை ஷூ புகைக்குள்ளிருந்து வெளிப்பட்டு, "மாத்திரையைத் தூக்கி எறிஞ்ச வீரர்கள் எழும்புங்க!" என்று முழங்கினார். என் மனைவி எழுந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நான் பிடிக்காவிட்டால் பெஞ்சு விளிம்பில் மண்டை பட்டிருக்கும்.

பின்னாலிருந்து நல்ல குரலில், "ஆமென்!" பச்சை எரிந்தது. "ஆமென்!" என்றது சபை.

அவளை உட்கார வைத்துவிட்டு நான் மேடைக்குப் போனேன்.

"தம்பி, மாத்திரை தின்னக் கூடாதுன்னு வேதத்துல எந்த இடத்துல இருக்கு?"

"ஆவியானவர் எனக்குச் சொன்னார், அங்கிள்."

"அவர் சொன்னது புத்தகத்துலயும் இருக்கணுமே. காட்டு."

வேதாகமத்தைத் தேடினோம். வெள்ளை ஷூவின் கையில் இல்லை. போதகரிடம் இல்லை. அத்தனை வரிசையிலும் ஒருவர் மடியிலும் இல்லை. குழுவிடம் ரிமோட் இருந்தது. அந்த மண்டபத்தில் இருந்த ஒரே வேதாகமம் விளக்குப் பெட்டிக்கு அடியில்தான் இருந்தது. உருவினேன்.

பெட்டி சரிந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்தன. பாதிச் சபை காதைப் பொத்தியது, பாதி ஆமென் சொன்னது, சிலர் இரண்டையும் செய்தார்கள். பிறகு எல்லாம் அணைந்தது.

எனக்குப் பொடி எழுத்து தெரியாது. புத்தகத்தை வெள்ளை ஷூவிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இது பழைய பதிப்பு" என்றார். என் மனைவி கையை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். போதகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்கள் இருக்கிற பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். சபை காத்திருந்தது, வேறு எதைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

"ஐயா, பவுலோட இருந்த இந்த லூக்கா வைத்தியரா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் போதகர். செருமாமல் சொன்னார்.

"அப்போஸ்தலர் ஊர் ஊரா ஒரு டாக்டரைக் கூடவே வெச்சுக்கிட்டுச் சுத்தியிருக்காரு. சும்மா பெட்டி தூக்கவா வெச்சிருப்பாரு?" வெள்ளை ஷூவைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த அட்டை உங்க பையிலதானே இருக்கு? கொடுங்க. தண்ணியும் கொண்டு வாங்க."

எல்லார் முன்னாலும் விழுங்கினாள். வெள்ளை ஷூவுக்கு வேறு ஊரில் ஊழிய அழைப்பு இருப்பது அந்த நிமிடமே வெளிப்பட்டது. புகை மிஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார்கள். மச்சான் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

சபை மட்டும் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"டிரைவர் அண்ணே, இதுக்கு ஆமென் சொல்லலாமா?"

நான் வலது கையை உயர்த்தி, "சொல்லலாம்" என்றேன்.

அப்படி ஒரு ஆமெனை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

விளக்கு பழைய சாமான் அறைக்குப் போய்விட்டது. எனக்கு முன்வரிசையில், மேடையைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கையை உயர்த்தினால் ஆமென். இறக்கினால் அமைதி. மச்சான் கடைசி வரிசையில், கண்ணாடியில் என் கையைப் பார்த்துச் சொல்கிறார். சில வாரம் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக உயர்த்துவேன்.

என் மனைவி ஒருத்திதான் என் கையைப் பார்ப்பதில்லை. மடியில் அந்தப் பெரிய வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, தோன்றினால் சொல்கிறாள், தோன்றாவிட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள். இது சபை ஒழுங்குக்கு நல்லதில்லை. விளக்கம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்காலி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கத் தடிமனாக ஏதாவது வேண்டும். அந்தப் பெரிய வேதாகமம் சரியாக இருக்கும். கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.