வாப்பா முறித்த கோல்ஃப் மட்டை

கேள்வி கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்காது. எனக்கு வாய்த்திருப்பது அப்படிப்பட்ட வாய்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மடியில் ஒரு பார்சல் வைத்திருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு பஸ் மதுரங்குளி தாண்டாது. (செத்துக் கபுறில் அடக்கிய பிறகு கேள்வி கேட்க வருகிற வானவர்களான மலக்குமாரிடமே நான் திருப்பிக் கேள்வி கேட்பேன் என்று உம்மா சொல்வார்.) இந்த வாயைக் கட்டிவைத்திருந்தால், நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு கோல்ஃப் போட்டிக்குள் எங்கள் குடும்பம் போய் விழுந்திருக்காது.

அப்போது நான் ஆலங்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதுதான் முதல் வேலை. வாப்பா நுரைச்சோலைப் பக்கத்தில் வெங்காயம் செய்கிறவர். மகள் ஹோட்டலில் நிற்பது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. "படிச்ச இங்கிலீச வெங்காயத்திட்டயா கதைக்கிற?" என்று உம்மா சண்டை பிடித்துத்தான் சம்மதம் வாங்கினார். அதிலும் வாப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஊருக்குள்ள ஒரு கதை வந்திச்சோ, அண்டைக்கே வீட்டோட."

எனக்கு அந்த வேலை உயிர். உலகத்தில் உள்ள ஆட்களெல்லாம் தாங்களாக என் மேசைக்கு வந்து நின்றால், கேள்வி கேட்கிறவளுக்கு வேறு என்ன வேண்டும்? ஆகவே கதை எதுவும் வராதபடி தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் பக்கத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற இளசுகள். அந்தக் கூட்டத்துக்குள் ஆலன் என்று ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர் வந்து இறங்கினார். கடலில் காலே வைக்கமாட்டார். காலையில் மணலில் நின்று, ஒரு பிடி புல்லை மேலே எறிந்து அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். அறைக்குள் ஒரு நீளமான தோல் பை வைத்திருந்தார். நான் இரண்டு நாள் பொறுத்தேன் என்பதே பெரிய விஷயம். மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

பைக்குள் இருந்தவை பழைய கோல்ஃப் மட்டைகள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், கடலோரத் திடல் ஒன்றில் நடந்த பெரிய போட்டியில் அவருடைய பாட்டனார் விளையாடியிருக்கிறார். கடைசிக் குழிக்கு வரும்வரை அவர்தான் முன்னுக்கு நின்றாராம். கடைசி அடிக்கு, எதிர்க்காற்றில், இரும்புத்தலை மட்டையை விட்டுவிட்டு மரத்தலை மட்டையை எடுத்திருக்கிறார். பந்து பாதி வழியில் சோர்ந்து மணல் பள்ளத்துக்குள் விழுந்தது. கோப்பை இன்னொருவருக்குப் போனது.

"ஏன் மரத்தலையை எடுத்தார்?" என்று கேட்டேன்.

அதுதான் யாருக்கும் தெரியாதாம். அதைப் பற்றிச் சண்டை பிடித்தே அவருடைய குடும்பம் இரண்டாகப் பிரிந்து, இன்றைக்கும் ஒரு பகுதி மற்றப் பகுதியின் கல்யாணத்துக்குப் போவதில்லையாம். (இதைக் கேட்டதும் ஆலன் எனக்குச் சொந்தக்காரர் போலவே தெரிந்தார்.) அந்தப் பழைய திடலைச் சுற்றி இப்போது மரம் வளர்ந்து காற்று மறைந்துவிட்டதாம். அதே மாதிரிக் காற்றும் அதே மாதிரி மணலும் உள்ள இடத்தில், அதே இரண்டு மட்டையாலும் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எனக்கு அன்றைக்கு நித்திரை போய்விட்டது. மரத்தலையா, இரும்புத்தலையா? விடிந்ததும் முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஹோட்டலுக்குப் பின்னால் மணல் மேட்டுக்கும் தோட்டங்களுக்கும் நடுவில் கழுதைகள் மேய்கிற வெறுந்தரையில் அந்தக் கடைசிக் குழியை அமைக்கிற பொறுப்பை நானே தலையில் போட்டுக்கொண்டேன்.

அமைத்தேன். எப்படி அமைத்தேன் என்று கேளுங்கள். ஆலன் மூன்று கால் ஸ்டாண்டில் தூரம் பார்க்கிற கருவி ஒன்றைப் பூட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் கை காட்டிய இடமெல்லாம் குச்சி நட்டேன். தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பதற்காகக் குச்சிகளில் சிவப்புத் துணி கட்டினேன். மணல் அடிக்கிறது என்று முந்தானையால் வாயை மூடி, கறுப்புக் கண்ணாடியும் ஹோட்டல் தொப்பியும் போட்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வெறுந்தரையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. சர்வேயர் வந்துவிட்டார், காணி போகப்போகிறது. அதைக் கண்டால் சின்னப் பிள்ளையும் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லும். சின்ன வயதில் நானே ஓடிப்போய்ச் சொன்னவள். அப்படிப்பட்ட நான், மரத்தலையா இரும்புத்தலையா என்ற யோசனையில் புத்தியைப் பறிகொடுத்துவிட்டு, மொத்த ஊருக்கும் தெரிகிற மாதிரிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன்.

ஆலன் இரும்புத்தலை மட்டையால் ஒரு பந்தை அடித்தார். அது காற்றுக்குக் கீழே தாழப் பறந்து குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அடுத்தது மரத்தலை. அவர் அதைப் பையிலிருந்து மெல்ல எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தோட்டப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. எல்லார் தோளிலும் மண்வெட்டி. முன்னால் வந்தவர், யா அல்லாஹ், என் வாப்பா.

வந்தவர் முதல் குச்சியைப் பிடுங்கி எறிந்தார். நேரே என்னிடம் வந்து, மரியாதையாகவே கேட்டார்: "மிஸ், யாரிட காணியப் பிடிக்க வந்த நீங்க? தொரைக்கிட்ட சொல்லுங்க, நாங்க செத்து, எங்கட மையத்த எடுத்த பொறகுதான் இதில கயிறு பிடிக்கலாம்."

வாப்பா என்னை "மிஸ்" என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"வாப்பா, நான்தான்."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. சொந்த மகளே காணி அளக்க நிற்கிறாள் என்றால் எந்த மனிதருக்குத் தாங்கும்? வேலை போயிற்று என்று எனக்கு விளங்கிவிட்டது. அழுகை முட்ட, காணி அளக்கவில்லை, இது ஒரு விளையாட்டு என்று முழுக் கதையையும் கொட்டினேன்.

பக்கத்துத் தோட்டத்து நவாஸ் நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"நூறு வருசத்துக்கு முந்தித் தோத்த ஆட்டத்துக்கு இப்ப என்னத்துக்குப் புள்ள குச்சி நடுற?"

அதை நான் ஆலனுக்கு இங்கிலீஷில் சொன்னேன். மனிதர் கோபப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய ஊரில் யாரும் அவரிடம் அக்கறையாக ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள் போலும். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிகள் தரைக்கு இறங்கின. மரத்தலை சரிதான் என்று ஒரு கட்சி, இரும்புத்தலையை எடுக்காதவன் மடையன் என்று இன்னொரு கட்சி. பாட்டனாரின் குடும்பம் நூறு வருடம் பிடித்த சண்டையை எங்கள் ஆட்கள் ஒரு பிளேன்டி குடிக்கிற நேரத்துக்குள் பிடித்து முடித்தார்கள்.

வாப்பா மட்டும் நம்பவில்லை. விளையாட்டு என்றால் அடித்துப் பார்க்கத் தரட்டும் என்றார். ஆலன் பெருந்தன்மையோடு அந்த மரத்தலை மட்டையை நீட்டினார். நான் "வேணாம்" என்று இரண்டு மொழியிலும் கத்தியிருக்க வேண்டும். ஆனால் வாப்பா எப்படி அடிப்பார் என்று பார்க்கிற ஆசை என்னை விடவில்லை.

வாப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கையில் மண்வெட்டி பிடித்த மனிதர் வேறு எப்படி அடிப்பார்? தலைக்கு மேலே தூக்கி, பிஸ்மி சொல்லி, நேர் செங்குத்தாக இறக்கினார். பந்து மணலுக்குள் புதைந்தது. மட்டையின் கழுத்து முறிந்து, தலை நவாஸ் நானாவின் காலடியில் போய் விழுந்தது.

நூறு வருடம் ஒரு குடும்பம் காத்துவைத்த சாமான். வாப்பா கையில் மிஞ்சிய தடியைப் பார்த்தார், ஆலனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னார்:

"பழைய வெடிப்பு, மகள். நான் முறிக்கல்ல. சொல்லு அவருக்கு."

என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கக்கேடான ஒரு வசனத்தை நான் மொழிபெயர்த்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஆலன் மட்டையின் தலையைப் பொறுக்கி, முறிந்த இடத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கழுத்தில் சுற்றியிருந்த கறுத்த நூல் அவிழ்ந்து தொங்கியது. முறிவின் ஒரு பாதி புதிதாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றப் பாதி கறுத்து, அதில் காய்ந்துபோன பழைய பசை பிடித்திருந்தது.

வாப்பா சொன்னது உண்மை. (அவருக்கே அது தெரியாது.) எப்போதோ வெடித்த மட்டையை யாரோ ஒட்டி, வெளியே தெரியாமல் நூல் சுற்றியிருக்கிறார்கள்.

"யார் ஒட்டினது? போட்டிக்கு முந்தியா, பிந்தியா?" என் வாய் கேட்டுவிட்டது.

ஆலன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். போட்டிக்கு முந்தி என்றால், பாட்டனார் முறிந்த மட்டையோடு ஆடித் தோற்றிருக்கிறார். பிந்தி என்றால், தோற்ற ஆத்திரத்தில் அவரே அடித்து முறித்திருக்கிறார். கண் கலங்கியபடி சிரித்தார். இதை வைத்துக்கொண்டு இன்னும் நூறு வருடம் சண்டை பிடிக்கலாம் என்றார். மண்வெட்டிப் பிடியொன்று போட்டுத் தருவதாக வாப்பா சொன்னதை மட்டும் பணிவாக மறுத்துவிட்டார்.

ஊருக்குள் கதை வராமல் இருக்குமா? கற்பிட்டி வரைக்கும் போனது. ஆனால் கதை முழுக்க வாப்பாவைப் பற்றி. வெங்காயத்துக்குக் கொத்துகிற மாதிரி வெள்ளைக்காரரின் மட்டையைக் கொத்திய மனிதர், அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் இன்றைக்கும் அதே ஹோட்டலில்தான் இருக்கிறேன், இப்போது மனேஜராக.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் எதையும் உடைப்பதில்லை. கோப்பை விழுந்தாலும், கதவுப் பூட்டு கழன்றாலும், எல்லாம் பழைய வெடிப்புத்தான். போன வருடம் வாப்பா மோட்டார் சைக்கிளோடு விழுந்து, புத்தளம் ஆஸ்பத்திரியில் காலைப் படம் பிடித்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் அறியாத முகத்தோடு, "புது முறிவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வெடிப்பும் தெரிகிறது" என்றார்.

உம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். வலியில் நெளிந்துகொண்டிருந்த வாப்பாதான் முதலில் வெடித்துச் சிரித்தார்.

"கேளு மகள், கேளு," என்றார் காலைப் பிடித்துக்கொண்டு. "அத யார் ஒட்டினதாம்?"